அடுப்பு மூட்டாத சாயங்காலங்கள்

1

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து என் சித்தி பெண் கோமதி ஒரு கார்டு போட்டிருந்தாள். இடம் போதாமல் விலாசத்துக்குப் பக்கத்திலும் ஓரங்களிலும் சுற்றிச் சுற்றி எழுதியிருந்ததால், கார்டை நாலு பக்கமும் திருப்பித்தான் படிக்க வேண்டியிருந்தது. விஷயம் இதுதான். ஊரில் வெயில் தாங்கவில்லை. அவளுடைய மூன்று குழந்தைகளும் ராத்திரி சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. சாயங்காலம் சமையலறைக்குள் போனால் அவளுக்கும் தலை சுற்றுகிறது. "அண்ணா, பம்பாயில் நீங்கள் ஒரு கோடை முழுக்க ராத்திரி அடுப்பே மூட்டாமல் இரண்டு பெண்களுக்கும் ஆகாரம் கொடுத்தீர்கள் என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். அந்த முறையை விவரமாக எழுதுங்கோ. பத்திரிகையில்தான் பம்பாய் சமாசாரம் எழுதுகிறீர்களே, அதிலேயே எழுதினால் என்னைப் போல் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும்."

இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதெல்லாம் மின்சார ரயில், குழாயடிச் சண்டை, வீடு கிடைக்காத கஷ்டம், கடற்கரைக் கூட்டம் இப்படித்தான். சமையல் எழுதும் தகுதி எனக்கு உண்டென்று யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. ஆனால் கோமதி கேட்டிருப்பது சமைக்காமல் இருக்கும் முறை. அதில் எனக்கு அனுபவம் உண்டு. எழுதுகிறேன். அதோடு சேர்த்து இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு முறையை மட்டும் சொன்னால் அது மோசடி.

2

யுத்தம் முடிகிற தறுவாயில் இருந்த வருஷம் அது. மாதுங்காவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. அதிலேயே ஒரு மூலையைத் தடுத்துச் சமையலுக்கு வைத்துக்கொண்டிருந்தோம். மேற்குப் பார்த்த அறை. சித்திரை வைகாசியில் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே வருகிற வெயில், வந்த விருந்தாளி மாதிரி லேசில் கிளம்பாது. பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் கை வைத்தால் சுடும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுப் புகை, சாத்தினால் நம் வீட்டுப் புழுக்கம். ஊரில் வெயில் அதிகம்தான். ஆனால் ஊர் வெயிலில் வேர்வை காயும். பம்பாயில் காயவே காயாது.

அந்த மாசியில் என் மனைவி விசாலத்துக்கு க்ஷயம் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கச் சில காகிதங்களும் நிறையக் கையெழுத்துகளும் வேண்டியிருந்தன. ஒரு காகிதத்துக்கு இன்னொரு காகிதம் வேண்டும், அந்த இன்னொன்றுக்கு முதல் காகிதம் வேண்டும். எப்படியோ பங்குனி பிறப்பதற்குள் இடம் கிடைத்தது. குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். நோய் அப்படிப்பட்டது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குப் பார்வை நேரம் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை.

எனக்குக் கோட்டை வட்டாரத்தில் ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. ஐந்து மணிக்கு மிஷினை மூடினால் ஐந்தரைக்குள் ஆஸ்பத்திரி வாசலில் இருக்க ஓட வேண்டும். ஆறரைக்கு மணி அடித்து வெளியே அனுப்புவார்கள். வீடு வந்து சேர ஏழே கால் ஆகும்.

வீட்டில் இரண்டு பெண்கள். ராஜத்துக்கு ஏழு வயசு, குஞ்சுவுக்கு மூன்று. அடுத்த அறையில் பார்வதி மாமி. பாலக்காட்டுக்காரி, குழந்தை இல்லாதவள். பகலில் குஞ்சுவை அவள்தான் பார்த்துக்கொண்டாள், ராஜம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளையும். காலையில் நானே ஒரு சாதம், ஒரு குழம்பு என்று எதையோ இறக்கி வைத்துவிட்டுப் போவேன். அந்தச் சோறு பத்தரை மணிக்குச் சோறாக இருக்கும். சாயங்காலத்துக்குள் ஊசிப்போய்விடும்.

ராத்திரிக்கும் தானே போட்டுவிடுவதாக மாமி சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் தலையில் ராத்திரியையும் கட்ட வெட்கம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வீம்பு. குழந்தைகளை ஊருக்கு அனுப்பிவிடும்படி விசாலத்தின் அண்ணா எழுதியிருந்தார். "நானே சாதம் போட்டு வளர்த்துக்கொள்கிறேன்" என்று பதில் போட்டிருந்தேன். அந்தக் கடிதத்தைக் காப்பாற்ற வேண்டுமே.

முதல் வாரம் ஏழே காலுக்கு வந்து கரி அடுப்பை மூட்டினேன். கரி ஈரம். விசிறி விசிறி அது பற்றுவதற்குள் அறை முழுக்கப் புகை. உலை கொதிப்பதற்குள் குஞ்சு தூங்கிப்போய்விடும். எழுப்பி வாயில் வைத்தால் துப்பும். ஐந்தாம் நாள் அது தூங்காமல் அடுப்புப் பக்கம் வந்து, சிவப்பாக என்னமோ மினுங்குகிறதே என்று உள்ளங்கையை வைத்துவிட்டது. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றோடு சாயங்காலத்தில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினேன்.

3

கோமதி, இனி நீ கேட்டது.

முதலில் அவல். நம் ஊரில் கிடைக்கிற சிவப்புக் கெட்டி அவலும் இங்கே கிடைக்கிற வெள்ளை மெல்லிசு அவலும் ஒன்றல்ல. எனக்கு அது தெரியாது. ஊரில் அம்மா செய்கிற மாதிரி தண்ணீர் விட்டு மூடிவைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். திரும்பி வந்து திறந்தால் போஸ்டர் ஒட்டுகிற பசை. ராஜம் எட்டிப் பார்த்து, "இதை யார் மேல ஒட்டணும்ப்பா?" என்று கேட்டாள். மெல்லிசு அவலுக்கு ஊறவைப்பதே கூடாது. வடிதட்டில் போட்டு இரண்டு தரம் தண்ணீர் காட்டி, அப்படியே ஐந்து நிமிஷம் விட்டால் போதும். கெட்டி அவலானால் அரை மணி, அதுவும் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர்.

ஊறியதும் புளிக்காத தயிர், உப்பு, இஞ்சியைத் தட்டிப் பிழிந்த சாறு, வெள்ளரிக்காய் துருவல். தாளிக்க வேண்டாம். கடுகு இல்லையென்று எந்தக் குழந்தையும் அழுததில்லை, பெரியவர்கள்தான் அழுவார்கள். இது ஒரு நாள். மறுநாள் அதே அவலில் பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல், ஒரு ஏலக்காய். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சி ஆறிய பாலில் அவலும் மசித்த வாழைப்பழமும். ஆனால் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சேர்.

பயத்தம்பருப்பை மத்தியானமே ஊறப்போட்டு வைக்கச் சொல்லிவிட்டால், சாயங்காலம் நன்றாகக் கழுவி, வெள்ளரிக்காய், மாங்காய், எலுமிச்சம்பழம் பிழிந்து கோசுமல்லி. மூன்று வயசுக் குழந்தைக்குப் பருப்பை நன்றாக நசுக்கிக் கொடு, கொஞ்சமாகக் கொடு. பொட்டுக்கடலையை இடித்து மாவாக்கி வெல்லத்தூள் கலந்து வைத்துக்கொண்டால், நெய் விட்டு அப்போதைக்கப்போது உருண்டை பிடிக்கலாம். நெய்யை உருக்க வேண்டியதில்லை. பம்பாய் வைகாசியில் அது தானே உருகித்தான் இருக்கும். பொரியில் மாங்காயும் தேங்காயும் நறுக்கிப் போட்டால் இந்த ஊர்க் குழந்தைகளுக்குக் கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தர்ப்பூசணியை வெட்டி, ஈரத்துணி சுற்றி, சாயங்காலம் வரை பானை மேல் வைத்திருப்பேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு டம்ளர் நீர்மோர்.

கிடைத்ததைச் சொல்கிறேன், ஒவ்வொரு நாளும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. அது ரேஷன் காலம். ஆனால் ஏழே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தால் ஏழரைக்குக் குழந்தைகள் தட்டில் கை வைத்துவிடும். புகை இல்லை, நெருப்பு இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அன்றன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் விசாலத்திடம் முந்தின நாள் ஆகாரத்தைச் சொல்லுவேன். அவளுக்குச் சிரிப்பு வரும். "ரெண்டையும் பட்சியா வளக்கறேளே" என்பாள்.

4

தாராவியிலிருந்து செல்லத்தாயி என்று ஒரு அம்மாள் பாத்திரம் தேய்க்க வருவாள். திருநெல்வேலிச் சீமைக்காரி என்பதால் எங்களிடம் ஒரு பிரியம். அவள் புருஷனுக்குத் தோல் கிடங்கில் வேலை. சாயங்காலம் கடைசியாக எங்கள் வீட்டை முடித்துக்கொண்டு நடந்தே தாராவிக்குப் போவாள்.

அடுப்பு மூட்டுவதை நிறுத்திய ஒரு வாரத்தில் அவள் எங்கள் வாசலுக்கு எதிரே மாடிக் குழாயடியில் நின்று, என் முகத்தையும் பாத்திரக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சாமி, பாத்திரமே விழ மாட்டேங்குது. காலப் பானை போவ ரெண்டு தட்டும் ஒரு கிண்ணமுந்தான் கெடக்கு. வேற கரிப் பானை ஒண்ணையுங் காணல. ராத்திரிக்கு ஒல வைக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி உலை வைக்காத வீடு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்று சாவு விழுந்த வீடு, அல்லது ஒன்றுமில்லாத வீடு. எனக்குச் சமைக்க வரவில்லை, குழந்தை கையைச் சுட்டுக்கொண்டது, நேரம் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாத்திரம் தேய்க்க வருகிறவளிடம் போய் அதைச் சொல்வதா என்று இருந்தது. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவளே எடுத்துக்கொடுத்தாள்.

"நோம்பா சாமி? அம்மாவுக்காவ இருக்கீகளா?"

"ஆமாம்" என்றேன். "விரதம்."

பலகாரம் என்றால் எங்கள் வீடுகளில் அதுதானே. ஏகாதசியானாலும் சிராத்தத்தன்று ராத்திரியானாலும் அன்னம் கிடையாது, அவலும் பாலும் பழமும்தான். நான் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அச்சு அசல் அதேதான். ஆகவே பொய் நன்றாகப் பொருந்திவிட்டது.

செல்லத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பச்சப் பிள்ளையளும் சேந்து இருக்குதுகளே. அந்த அம்மா பொழச்சுக்கிடுவா சாமி, நீங்க பாருங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ராஜம்.

அது வரை அவள் அவலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். தினம் தினம் இதேயா, பார்வதி மாமி ஆத்தில் மோர்க்குழம்பு மணக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் என்று அழுவாள். அன்று ராத்திரி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இது அம்மாவுக்காக விரதமா?"

"ஆமாம்."

"கொழந்தேள்ளாம் விரதம் இருக்கப்படாதும்பாளே அம்மா."

"இதுக்கு இருக்கலாம்."

"நான் இருந்தா அம்மாவுக்கு சரியாப் போயிடுமா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லக்கூடிய தகப்பன் யாராவது இருந்தால் அவனை நான் பார்க்க வேண்டும். "சரியாப் போயிடும், சாப்பிடு" என்றேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். குஞ்சுவுக்கும் ஊட்டிவிட்டாள். அப்புறம் அந்தக் கோடை முழுக்க ராத்திரி ஆகாரத்தில் எனக்குத் தொந்தரவே இல்லை. ஒரு நாள் அலுத்துப்போய் ஈரானிக் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்தேன். அதை அவள் தொடவில்லை. "இது நெருப்புல சுட்டதுப்பா" என்று எனக்கே எடுத்துச் சொன்னாள். ஏழு வயசில் அவளுக்கு இருந்த நியமம் எனக்கு இன்று வரை வந்ததில்லை.

5

விசாலம் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ராஜத்துக்குத் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு ராஜம் வைகாசி நடுவில் அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதினாள். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அம்மா, நானும் குஞ்சுவும் தினமும் விரதம் இருக்கோம். ராத்திரி சாதமே சாப்பிடலை. ஒரு நாள் கூட தப்பலை. உனக்கு சரியாப் போயிடும். எப்போ வருவே."

விசாலம் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன விரதம்?"

சொன்னேன். செல்லத்தாயி கேட்டது, நான் தலையாட்டியது, ராஜம் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவளும் முதலில் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமி ஓய்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு படுத்தாள்.

"ஏன்னா, இதை அவகிட்ட இல்லேன்னு சொல்லிடுங்கோ" என்றாள்.

"ஒழுங்காச் சாப்பிடறாளே."

"சாப்பிடறா. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்ன பேச்சு இது."

"அவ என்ன நெனச்சுப்பா? நாம சரியா இருக்கலேன்னு நெனச்சுப்பா. என் பொண்ணை எனக்குத் தெரியும். அரிச்சுவடியில ஒரு எழுத்துக் கோணித்துன்னா பக்கத்தையே கிழிச்சுட்டு மறுபடி எழுதறவ. எங்கிட்ட சத்தியம் பண்ணுங்கோ. சொல்லிடறேன்னு சொல்லுங்கோ."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது மணி அடித்துவிட்டார்கள்.

ரயிலில் வரும்போது யோசித்தேன். இன்றைக்கே சொன்னால் நாளை ராத்திரி முதல் பழையபடி அழுகை. இன்னும் பதினைந்து இருபது நாளில் மழை வந்துவிடும். மழை வந்தால் அறை குளிரும், அடுப்பு மூட்டலாம், விரதமும் தானாக முடிந்துபோகும். அப்போது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். குமாஸ்தா புத்தி இப்படித்தான் வேலை செய்யும். இன்றைய காகிதத்தை நாளைய கட்டின் அடியில் வைப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. மறுநாள் விசாலம், "சொன்னேளா?" என்று கேட்டாள். "சொன்னேன்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அவளிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது.

6

மழை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரே கொட்டாகக் கொட்டிற்று. ரயில்கள் நின்று நின்று போயின. ஆஸ்பத்திரியில் விசாலத்துக்கு மத்தியானத்திலிருந்து நினைவு சரியாக இல்லை. டாக்டர் என்னை இருக்கச் சொன்னார். மணி அடித்த பிறகும் என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சாயங்காலம் வீட்டில் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் வரக் காணோம் என்று பார்வதி மாமி குழந்தைகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறாள். மிளகு ரசம், சூடாகச் சாதம், சுட்ட அப்பளம். குஞ்சு ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டது. ராஜம் வாசற்படியிலேயே நின்றிருக்கிறாள்.

"எனக்கு வேண்டாம் மாமி. நான் விரதம்."

"மழை வந்தாச்சாக்கும். இந்தக் குளிருல பச்சைக் கொழந்தைக்கு என்ன விரதம்? வா, உக்காரு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார், நான் சொல்லிக்கறேன்."

மாமியிடம் தப்பில்லை. பசித்த குழந்தைக்குச் சாதம் போட்டவளை நான் எந்த வாயால் குறை சொல்வேன். ராஜம் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். மூன்று மாதமாகச் சூடாக ஒரு பிடி ராத்திரியில் கண்டறியாத குழந்தை.

வியாழக்கிழமை மத்தியானம் விசாலம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு மனமில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். மச்சினர் ஊரிலிருந்து வந்தார். செல்லத்தாயி வாசலில் உட்கார்ந்து அழுதாள், "பிள்ளையள் இம்புட்டு நோம்பு இருந்துச்சே, சாமிக்குக் கண்ணில்லியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ராஜம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சின்னக் குழந்தை, தெரியவில்லை என்றார்கள்.

7

காரியங்கள் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு சாயங்காலம் நான் கரி அடுப்பை மூட்டினேன். மழைக்கு அறை குளிர்ந்திருந்தது. சாதம் வடித்து, ரசம் வைத்து, இரண்டு தட்டில் போட்டேன். குஞ்சு சாப்பிட்டது. ராஜம் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எனக்கு அவல்."

"இனிமே வேண்டாம்மா. சாதம் சாப்பிடு."

"நான் சாப்பிடப்படாது. அன்னிக்கு நான் சாப்பிட்டுட்டேன்."

"என்னிக்கு?"

மழை வந்த அன்றைக்கு என்றாள். மாமி ஆத்தில் என்றாள். ரசத்தை இரண்டு தரம் வாங்கிக்கொண்டதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னேன். வைகாசியில் சொல்லியிருக்க வேண்டியதை ஆனியில் சொன்னேன். விரதமே கிடையாது. அப்பாவுக்குச் சமைக்க வரவில்லை. அடுப்பு மூட்டினால் புகை. குஞ்சு கையைச் சுட்டுக்கொண்டது. செல்லத்தாயி கேட்டபோது வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். நீ சாதம் சாப்பிட்டதற்கும் அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை.

ராஜம் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"விரதமே இல்லையா?"

"இல்லேம்மா."

"அப்போ அம்மாவுக்காக நாம ஒண்ணுமே பண்ணலையா?"

நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேனே என்றேன்.

"நீ போனே. நான்?"

  

நான் அவள் முன்னால் இரண்டு கணக்கை வைத்துவிட்டேன். ஒன்று, அம்மாவுக்காக அவள் எல்லாம் செய்தாள், கடைசியில் ஒரு நாள் தவறிவிட்டாள். மற்றொன்று, அவள் ஒன்றுமே செய்யவில்லை, அவலைத் தின்றாள், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு இரண்டாவது தேவலை. அவள் முதலாவதை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். நம்ப மறுத்துவிட்டாள். எழுந்து போய் டின்னைத் திறந்து, தானே அவலை எடுத்து, குழாயடியில் கழுவினாள்.

8

ராஜத்துக்கு இப்போது பதினொரு வயசு. ராத்திரியில் அன்னம் தொடுவதில்லை. மார்கழிக் குளிரிலும் தொடுவதில்லை. கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், டாக்டரிடம் அழைத்துப் போனேன். "நல்லாத்தானே இருக்கா, விடுங்க" என்றார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பக்கத்து மனிதர்கள் யாராவது வந்தால், இந்த வயசில் என்ன ஆசாரம், என்ன பக்தி என்று மெச்சுகிறார்கள்.  குழந்தையின் பக்தியை மெச்சுகிறவர்களிடம் என்னவென்று சொல்வது.

விசாலத்தின் திவசத்தன்று ராத்திரி எனக்கும் பலகாரம்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவளும் நானும் ஒரே ஆகாரம் சாப்பிடுகிறோம். அவள்தான் கலந்து தருவாள். என்னைவிட நன்றாகக் கலப்பாள், அவல் ஒன்றோடொன்று ஒட்டாது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மாவைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன்.

குஞ்சுவுக்கு அம்மா முகமே நினைவில்லை. அக்காவை "தீதி" என்று கூப்பிடுகிறது. தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தி, என்னோடு பாதித் தமிழ். அதன் உள்ளங்கையில் அந்தத் தழும்பு மட்டும் வெளுப்பாக இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது என்கிறது. விசாலத்தின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்கப் போன அன்று, அங்கிருந்தவர் "காவ் சலீ கயீ?" என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டாளா என்று. பெயர் குறைகிற வீடுகளில் முக்கால்வாசி அதுதான் காரணம். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் மேற்கொண்டு விளக்க வழியில்லை, தெம்பும் இல்லை. "ஹாங்" என்றேன். சர்க்கார் காகிதத்தின்படி என் மனைவி இன்னும் ஊரில் இருக்கிறாள். நான் ஆமாம் என்று சொன்னதெல்லாம் இந்த மாதிரிதான் போய் முடிகிறது.

இவ்வளவையும் அச்சில் ஏறும்படி எழுதுகிறேனே, ராஜம் படித்தால் என்ன ஆகும் என்று கோமதி நினைப்பாள். படிக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் பாதியில் போய்விட்டாள். நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இப்போது அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், அதுவும் சினிமா நோட்டீஸ் மட்டும். அவளுக்கு எட்டாத எழுத்தில் எழுதுவதால்தான் எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்கிறது. இதைப் படித்துச் சொல்லும்படி அவள் ஒரு நாள் யாரையாவது கேட்டால், கேட்கட்டும்.

இதை எழுதும்போது மணி ஏழு. வைகாசிப் புழுக்கம். சுவர் சுடுகிறது. என் முதுகுக்குப் பின்னால் ராஜம் அவலுக்குத் தண்ணீர் காட்டி, வடிதட்டைச் சாய்த்து வைத்திருக்கிறாள். ஐந்து நிமிஷம் ஆகும். அது வரை கதவில் சாய்ந்துகொண்டு பூகோளப் பாடம் படிப்பாள்.

கோமதி, முறை எல்லாம் மேலே எழுதியபடிதான், தாராளமாகச் செய். குழந்தைகளுக்கு வயிறு கனக்காது, உனக்கும் புகை இல்லை. ஆனால் தினமும் ஏன் இது என்று குழந்தை கேட்கும். கேட்டால், வெயிலாக இருக்கிறது, அம்மாவுக்கு அலுப்பாக இருக்கிறது, அடுப்புக்கிட்டே நிற்க முடியவில்லை என்று உள்ளதைச் சொல். அது அழும். அழட்டும். அழுதுவிட்டுச் சாப்பிடும், மறுநாள் மறந்துவிடும்.